இரும்புப் படிகளில் ஓர் அணில்

மார்ச் 4, திங்கள்

ஸ்குல்விக் ஊர் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. இங்கர் எழுதியிருக்கிறாள். வடக்கே எங்கள் மீன் தொழிற்சாலையில் போர்மனாக இருந்த ஆர்னேயின் மகள். நாங்கள் அங்கே வேலை செய்த காலத்தில் அவளுக்கு ஏழு வயது. இப்போது நூலகம் அவள் பொறுப்பில். பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த தொழிற்சாலையைத் திருத்தி நூலகத்தை அங்கே மாற்றுகிறார்களாம். ஜூன் 15 திறப்புவிழா. மேலே அலுவலகத்துக்கும் கீழே மீன் வெட்டும் மண்டபத்துக்கும் நடுவில் இருந்த இரும்புப் படியை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். படியோரச் சுவரில் நான் ஒரு படம் கீறித் தரவேண்டுமாம்.

என்ன படம் என்பதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். ரத்தாதொஸ்க்.

இந்த நாட்டுப் பழங்கதைகளில் வரும் அணில் அது. உலகத்தையே தாங்கி நிற்கும் பெரிய மரம் ஒன்று. உச்சியில் ஒரு கழுகு, வேரடியில் ஒரு பாம்பு. கழுகு சொல்வதைப் பாம்புக்கும் பாம்பு சொல்வதைக் கழுகுக்கும் கொண்டோடுவதுதான் அணிலின் வேலை. ஆர்னே எனக்கு வைத்த பட்டப்பெயர் அது. தொழிற்சாலையில் இருந்த பதினொரு தமிழரில் நோர்வே மொழி ஓரளவு கதைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேலே போர்மன் சொல்வதைக் கீழே கொண்டுவருவேன். கீழே பெடியள் சொல்வதை மேலே கொண்டுபோவேன். ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது அந்தப் படியில் ஏறி இறங்கியிருப்பேன்.

படம் கீறுகிற நாட்களில் ஒரு குறிப்புப் புத்தகமும் எழுதச் சொல்கிறாள். தமிழிலேயே எழுதலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம் என்கிறாள். அதற்காகத்தான் இந்தக் கொப்பி.

என் மனைவி சத்தியபாமா கடிதத்தை வாசித்துவிட்டு, "அறுபத்திரண்டு வயசில சுவரில கீறப் போறியளோ? முதுகு விடுமோ?" என்றாள். ஒஸ்லோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி வாங்கிய முதுகு. என்னைவிட அவளுக்குத்தான் அதைப் பற்றி நன்றாகத் தெரியும்.

மார்ச் 6, புதன்

பத்து அணில் கீறினேன். பள்ளிக்கூடத்தில் தவளையும் கரப்பான் பூச்சியும் என் கொப்பியைப் பார்த்துத்தான் முழு வகுப்பும் கீறும். கை இன்னும் மறக்கவில்லை. ஆனால் மூக்கு நீண்டு நாலு எலியாகப் போய்விட்டன.

பாமாவை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். காத்திருந்த நேரத்தில் இன்னும் மூன்று.

மார்ச் 11, திங்கள்

நல்லதாக ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். இங்கர் சிரித்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறாள்: "பரா, இது மிகவும் அழகு. ஆனால் முதுகில் ஏன் மூன்று கோடு?"

அப்போதுதான் பார்த்தேன். நான் கீறிய பதின்மூன்றுக்கும் மூன்று கோடு. யாழ்ப்பாணத்து அணில். முப்பத்தேழு வருடமாக இந்த நாட்டு அணிலைத்தான் பார்க்கிறேன், கை அதைப் பார்க்கவில்லை. இங்கத்தைய அணில் செம்பழுப்பு, காது நுனியில் மயிர்க்குஞ்சம். ஒரு பழைய ஏட்டில் ரத்தாதொஸ்க்குக்குக் கொம்புகூட இருக்கிறதாம். பெயருக்குத் 'துளைக்கிற பல்' என்று அர்த்தம் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

பார்க்குக்குப் போனேன். பனி இன்னும் கரையவில்லை. பைன் மரத்தில் ஒரு அணில் தலைகீழாக இறங்கி நடுவழியில் நின்று என்னையே பார்த்தது. விரல் விறைக்க விறைக்க எட்டுப் பக்கம் கீறினேன்.

அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றியதும் தொழிற்சாலை வாடை வந்த மாதிரி இருந்தது. ஐஸும் மீனும் ரப்பர் சப்பாத்தும் கலந்த வாடை. எண்பத்தேழில் அந்த ஊரில் இறங்கினபோது எனக்கு இருபத்தைந்து வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் மரவீடு. அறைக்கு இரண்டு பேர். என் அறையில் தில்லைநாதன்.

தில்லையைப் பற்றி எழுதாமல் அந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. என்னைவிட ஒரு வயது மூப்பு. ஊரில் வள்ள இயந்திரங்கள் திருத்தினவன். எதைக் கண்டாலும் அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும் அவனுக்கு. குப்பையில் கிடந்த ரேடியோவைத் திருத்தி, சன்னலுக்கு வெளியே ஐம்பது அடி கம்பி இழுத்து, யாழ்ப்பாணச் செய்தி கேட்கவைத்தான். ஆறு பேர் கட்டிலில் நெருக்கிக்கொண்டு இருந்து கேட்போம். கொட் மீனின் நாக்கை ஊரார் மாவில் போட்டுப் பொரிப்பார்கள். தில்லை அதில் குழம்பு வைப்பான். ஒஸ்லோவிலிருந்து தபாலில் வந்த மிளகாய்த்தூளைக் கரண்டியால் அளந்துதான் போடுவான்.

நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரியில்தான் திரும்பி வரும். அது வருகிற நாளில் தொழிற்சாலையை அரை மணித்தியாலம் நிறுத்தி எல்லாருக்கும் இனிப்பு பன் கொடுப்பார்கள். எண்பத்தொன்பது ஜனவரியில் தில்லை ஐஸ் குவியலில் ஏறி நின்று, "பரா, வாடா, தெரியுது! நெத்தி மட்டும் தெரியுது!" என்று கத்தினான். நான் ஏறிப் போவதற்குள் போய்விட்டது. தன் பன்னில் பாதியை எனக்குத் தந்தான். நான் என்னுடையதை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தேன்.

என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று மகள் ஒருநாள் கேட்டாள். அவள் பிறந்த காலம் என்று சொன்னேன். சொல்லும்போது மனதில் வந்தது அந்தக் கட்டிலும் ரேடியோவும்.

மார்ச் 29, வெள்ளி

ஈஸ்டர் விடுமுறை. காருக்குக் கோடை டயர் மாற்றினேன். பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மெசின் அறையைப் பற்றி ஒன்று எழுதவேண்டும். மீன் வெட்டும் மெசின் பழுதானால் தெற்கேயிருந்து ஆள் வரவேண்டும், இரண்டு நாள் வேலை நிற்கும். ஒருமுறை தில்லை ஒரு தேக்கரண்டியை வளைத்து உள்ளே வைத்து ஓடப்பண்ணினான். ஆர்னே வந்து பார்த்தார். அந்தக் கரண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெற்கே மெக்கானிக் பள்ளிக்கூடத்தில் தில்லைக்கு ஓர் இடம் வரவிருந்தது. அது சரிவரவில்லை.

பாமா கூப்பிடுகிறாள். மரக்கறிக் கழிவுப் பையைக் கீழே கொண்டுபோகவேண்டும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மரம் சரியாக வந்துவிட்டது. கரியில் கீறினேன். உச்சியில் கழுகும் வேரில் பாம்பும் சின்னதாக. அணில் நடுவில், தலைகீழாக, பார்க்கில் கண்ட மாதிரி. வால் வடிவாக வந்திருக்கிறது. வாய்தான் சரிவரவில்லை. திறந்து கீறினால் கத்துகிற மாதிரி இருக்கிறது. மூடினால் கள்ளன் மாதிரி இருக்கிறது.

"அஞ்சு கிழமையா நீங்கள் அணிலோடதான் குடும்பம் நடத்திறியள்" என்றாள் பாமா.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. பேர்கனிலிருந்து தில்லை போன் எடுத்தான். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் எடுப்பான். அவனுக்கும் இங்கர் அழைப்பு அனுப்பியிருக்கிறாள். வருகிறானாம்.

"நீ கீறிற படம் எண்டபடியாத்தான் வாறன். மற்றும்படி அந்தப் படியை நான் ஏன் பாக்கவேணும்?"

"இங்கர் நல்ல பிள்ளையடா."

"பிள்ளையில எனக்கு என்ன கோவம்? தகப்பன் உயிரோட இருந்திருந்தா வந்திருக்கமாட்டன். ஆசை காட்டிப்போட்டு அந்த இடத்தைத் தன்ர ஆளுக்குக் குடுத்த மனுசன்." பிறகு வழமை போல, "நீ மட்டுந்தான் எனக்காக மேல போய்க் கதைச்சனி. அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்" என்றான்.

நான், "பழசு ஏன்ரா" என்றேன்.

அவன் பேர்கனில் ஒரு கப்பல் திருத்துமிடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன். திருத்துகிற வேலை அல்ல. மற்றவர்கள் திருத்தி முடித்த இயந்திர அறையைக் கழுவித் துடைக்கிற வேலை.

பாமா பாயாசம் வைத்திருந்தாள். என் கிண்ணத்தை அப்படியே மூடி வைத்தேன்.

மே 2, வியாழன்

இங்கர் போன் எடுத்தாள். திறப்புவிழாவில் தன் அப்பாவைப் பற்றிப் பேசப்போகிறாளாம். சில விஷயங்கள் கேட்டாள். பிறகு சொன்னாள்: "தில்லை வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். அவரிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பள்ளிக்கூட இடத்தை அவர் ஏன் வேண்டாம் என்றார் என்று அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் விளங்கவில்லை. படுக்கையில் கிடந்தபோதுகூட அதைச் சொன்னார். 'நல்ல கை, வீணாகப் போய்விட்டது' என்றார்."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கொப்பியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அந்த ஊரில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வருகிறவர்களில் ஒருவனுக்குத் தெரியும்.

மே 3, வெள்ளி

பச்சை மட்டைக் கொப்பி ஒன்று வாங்கினேன். அதில் அணிலைப் பற்றி மட்டும்.

மே 20, திங்கள்

வெயில். பாமா பல்கனியில் கத்தரிக் கன்று வைத்தாள். மண் தூக்கிக் கொடுத்தேன்.

எண்பத்தெட்டு நவம்பரில் என் தம்பி தவத்தின் செய்தி வந்தது. கடிதத்தில்தான் வந்தது. செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதன் பிறகு நான் சாப்பிட்டேனா, குளித்தேனா என்று தில்லையைத்தான் கேட்கவேண்டும். வேலை முடிந்ததும் எங்கேயும் போகாமல் அறையிலேயே இருந்தான். கதைக்கமாட்டான். ஏதாவது ஒரு மோட்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இருப்பான். அந்தச் சின்னச் சத்தத்தில்தான் நான் நித்திரை கொண்டேன்.

பெப்ரவரியில் ஒரு மத்தியானம் ஆர்னே என்னை மேலே கூப்பிட்டு, தில்லைக்குச் சொல்லும்படி ஒரு விஷயம் சொன்னார். இறங்கினேன். பதினெட்டுப் படி. பாதியில் நின்றேன் என்று நினைக்கிறேன். கீழே தில்லை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுதவில்லை.

மே 21, செவ்வாய்

எல்லாவற்றையும் பாமாவிடம் சொன்னேன். முப்பது வருடத்தில் முதல் முறை. அவள் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "அந்தப் பிள்ளை சொல்லி அவருக்குத் தெரிய வரக்கூடாது. நீங்கள் சொல்லவேணும்" என்றாள். நான் போகவில்லை, முதுகு சரியில்லை என்று எழுதிவிடலாம் என்றேன். "எழுதுங்கோ" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படிச் சொன்னால் எழுதமுடியாது.

ஜூன் 9, ஞாயிறு

ஸ்குல்விக். இரண்டு விமானம் மாறி வந்தேன். இறங்கினதும் காற்று முகத்தில் அடித்தது. முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் அதே காற்று. மஞ்சள் வீடு இல்லை, அந்த இடத்தில் படகு நிறுத்துகிற கொட்டகை. இங்கர் வந்து கட்டிப்பிடித்தாள். கண் அப்படியே ஆர்னே.

தொழிற்சாலைக்குள் போனோம். மீன் வெட்டின மண்டபத்தில் புத்தக அலுமாரிகள். ஆனால் அந்தப் படி! கைபிடியில் கைவைத்ததும் கால் தானாக இரண்டு இரண்டு படியாக ஏறப்பார்த்தது. ஆறாவது படியில் மூச்சு வாங்கியது.

ஜூன் 11, செவ்வாய்

சுவருக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள். முதலில் பென்சிலில் கட்டம் போட்டேன். கறுப்புப் பெயின்ற், தட்டைப் பிரஷ் இரண்டு, மெல்லியது ஒன்று. மரத்தைக் கீழ்ப்படியில் தொடங்கி மேல்வரைக்கும் கொண்டுபோனேன். படி ஏறுகிறவன் மரத்தோடு ஏறுவான். முதுகுக்கு இங்கர் ஒரு உயரமான ஸ்டூல் கொண்டுவந்து தந்தாள்.

இந்தக் கரையில் மரமே கிடையாது. புல்லும் கல்லும்தான். பார்க்க வந்த ஒரு கிழவர் அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஊருக்கு ஒரு மரம் வந்துவிட்டது" என்றார்.

மாலைக்குள் வால், முதுகு, பின்னங்கால் முடிந்தது.

ஜூன் 12, புதன்

தில்லை வந்தான். தலைமயிர் எல்லாம் போய்விட்டது. சிரிப்பு அப்படியே. வீடியோவில் வருடா வருடம் பார்க்கிற முகம்தான், ஆனாலும் கிட்டத்தில் பார்த்தபோது இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி நின்றோம்.

நேராகப் படிக்கு வந்து தூர நின்று பார்த்தான்.

"வாலை வடிவாக் கீறியிருக்கிறாய். வாய் ஏன் மூடிக்கிடக்குது? பல்லெங்க?"

"பிறகு கீறுவன்."

"பல்லில்லாமல் அதென்ன அணில்" என்றுவிட்டு, கைபிடியை ஆட்டிப் பார்த்து, "இஞ்ச ஒரு ஆணி லூசா இருக்குது" என்றான். காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து சின்ன ஸ்பானரை எடுத்து இறுக்கினான்.

மத்தியானம் விருந்தினர் வீட்டில் அவன் கொட் நாக்குக் குழம்பு வைத்தான். பேர்கனிலிருந்து தூளும் கொண்டுவந்திருந்தான். பழைய ஆட்களை ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஐஸ் குவியலைப் பற்றிச் சொன்னேன். "அண்டைக்குச் சூரியன் தெரிஞ்சதோ எண்டு எனக்கே சந்தேகம். சும்மா கத்தினனான். நீ சிரிச்சுப் பாத்துக் கன நாள்" என்றான்.

இன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 13, வியாழன்

காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு துறைமுகத்தோரம் நடந்தோம். படகு கட்டுகிற இரும்புக் கட்டையில் அவன் இருந்தான். நான் நின்றேன்.

"தில்லை, அந்த மெக்கானிக் பள்ளிக்கூட இடம் இருக்கெல்லே."

"எந்த இடம்?"

"எண்பத்தொன்பதில. வேற பெடியனுக்குக் குடுத்திட்டினம் எண்டு நான் வந்து சொன்னது."

"ஓம். அதுக்கென்ன?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. ஆர்னே உனக்கெண்டுதான் வைச்சிருந்தவர். நான் திரும்ப மேல போய், நீ வேண்டாமெண்டு சொன்னதாச் சொல்லிப்போட்டன்."

"பகிடி விடாதை."

அவன் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"ஏன்ரா?"

"தம்பியின்ர செய்தி வந்து மூண்டு மாசம். நீயும் போனா அந்த அறையில நான் தனிய..."

"அதுக்கு?"

"வேற காரணம் ஒண்டும் இல்லை."

ஒரு படகு வந்து கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நான் இஞ்சையிருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு அந்த மனுசன் வாசலில கையை நீட்டிக்கொண்டு நிண்டது, பரா. நான் பொக்கற்றுக்குள்ள கையை வைச்சுக்கொண்டு தாண்டிப் போனனான். அவர் செத்த செய்தி வந்தபோதும் ஒரு வரி எழுதேல்லை."

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழும்பிப் போய்விட்டான். மத்தியானம் நான் வந்து பார்த்தபோது அறையில் அவன் பெட்டி இல்லை. ஊர்க் கோடியில் ஒரு ஹோட்டலுக்கு மாறிவிட்டான் என்றாள் இங்கர். காரணம் கேட்டாள். என் குறட்டை என்றேன்.

பாமாவுக்குப் போன் எடுத்தேன். "சொல்லிப்போட்டன்" என்றேன். "சாப்பிட்டியளோ?" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தை நான் இத்தனை வருடம் ஆசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கக்கூடியது ஓகஸ்டில்; கூடக் கிடைத்தது இரண்டே மாதம்தான். ஒக்டோபரில் அவன் எப்படியும் போய்விட்டான். இருந்த மாதங்களிலும் அவன் ரேடியோவைத் தொடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஜூன் 14, வெள்ளி

வாயைத் திறந்து பல் கீறினேன். மேலே இரண்டு, கீழே இரண்டு, நீளமாக. படம் முடிந்தது.

ஜூன் 15, சனி

நூறு பேர் வந்திருப்பார்கள். இந்த ஊருக்கு அது பெரிய கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொம்பு வாத்தியம் வாசித்தார்கள். தில்லை வந்தான். கோட் போட்டு, கடைசி வரிசையில், கதவடியில் நின்றான். என் பக்கம் பார்க்கவில்லை.

இங்கர் படியில் ஏறி நின்று பேசினாள். கடலைப் பற்றி, தன் அப்பாவைப் பற்றி, எங்கோ வெயில் நாட்டிலிருந்து வந்து இங்கே ஐஸில் நின்ற பதினொரு பேரைப் பற்றி. ரத்தாதொஸ்க் கெட்ட சொற்களைக் கொண்டோடி கழுகையும் பாம்பையும் மூட்டிவிடுகிற அணில் என்றுதான் கதை, ஆனால் எங்கள் ரத்தாதொஸ்க் மேலேயும் கீழேயும் இருந்தவர்களைச் சேர்த்துவைத்தவர் என்று என்னைக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் அணிலின் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அவள் கதவடியைப் பார்த்துச் சிரித்தாள். "தில்லை, அப்பா உங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆசைப்பட்டார். நீங்கள் போகவில்லை. ஏன் என்று ஆயுள் முழுக்க யோசித்தார். இன்றைக்காவது சொல்வீர்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தில்லை நல்ல நோர்வே மொழியில், பேர்கன்காரர் மாதிரி இழுத்து, சொன்னான்: "அது கொஞ்சம் நீளமான கதை, இங்கர். நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன். பராவும் இருக்கட்டும்."

ஜூன் 16, ஞாயிறு

நான் ஒன்பது மணிக்கே போய்ப் படியில் இருந்தேன். பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். தில்லை கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான்.

"அண்டைக்கு அந்த மனுசன் உன்னட்ட என்ன சொன்னது?" என்று தமிழில் கேட்டான்.

"நான் சொன்னனானே..."

"நீ செய்ததைத்தான் சொன்னனி. அவர் சொன்னதை நீ இன்னும் எனக்குச் சொல்லேல்லை. மேல போ. போய் அங்கையிருந்து இறங்கி வந்து சொல்லு. முதல் நோர்ஸ்கில சொல்லு, இந்தப் பிள்ளைக்கும் விளங்கட்டும். பிறகு தமிழில. ஒரு சொல்லும் விடாதை."

ஏறினேன். மேலே ஆர்னேயின் அறை இருந்த இடத்தில் இப்போது சிறுவர் புத்தகங்கள். திரும்பி இறங்கினேன். அணிலைத் தாண்டி வந்தேன். கீழே தில்லை கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றான்.

மறந்திருப்பேன் என்று பயந்தேன். மறக்கவில்லை. ஆர்னேயின் வடக்கு உச்சரிப்போடு அப்படியே வந்தது. இங்கர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தமிழில் சொன்னேன்:

"இவனுடைய கை மீனுக்கு உரிய கை இல்லை. தெற்கே மெக்கானிக் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் கேட்டு நானே கடிதம் எழுதினேன். கிடைத்துவிட்டது. இரண்டு வருடம். ஓகஸ்டில் தொடங்குகிறது. படித்து முடித்து இங்கே வந்தால் மெசின் அறை அவனுடையது. வராவிட்டாலும் பரவாயில்லை, எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். மொழி தெரியாது என்று பயப்படுவான், பயப்படவேண்டாம் என்று சொல்லு, இயந்திரத்துக்கும் மொழி தெரியாது. இன்னொன்று, காலுறையைக் கொம்ப்ரசருக்கு மேலே காயப்போடுவதை நிறுத்தச் சொல்லு. மண்டபம் முழுக்க மணக்கிறது."

தில்லை அதுவரைக்கும் அசையாமல் நின்றான். காலுறைக்கு வந்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படியில் இருந்தான். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் கிட்டப் போனேன், தொடவில்லை.

இங்கர் என்னைப் பார்த்தாள். அவள் கேட்கும்முன் நானே நோர்வே மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். மேலே என்ன சொன்னேன், கீழே என்ன சொன்னேன், ஏன் சொன்னேன். சேர்த்துவைத்தவன் இல்லை என்றும் சொன்னேன். அவள் தில்லைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் அப்பாவை எங்கே அடக்கம் செய்திருக்கிறீர்கள்?" என்று அவளிடம் கேட்டான். மேட்டில், தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி என்றாள். "வா" என்று எழும்பினான்.

நானும் எழும்பினேன். அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, "நீ நில்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

சன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் மேட்டுப் பாதையில் கதைத்துக் கதைத்துப் போனார்கள். தில்லை கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னான். அவள் தலையாட்டினாள். அவர்களுக்கு நடுவில் என்னுடைய தேவை இருக்கவில்லை. காற்றில் இங்கரின் தொப்பி பறந்தது, தில்லை ஓடிப் போய்ப் பிடித்தான்.

பச்சைக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு அறைக்கு வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

இங்கர்தான் இரண்டு பேரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். படத்தை அழிக்கவேண்டுமென்றால் அழிக்கலாம் என்றேன். "ஏன்? அது சரியாகத்தானே இருக்கிறது" என்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. கை தந்தாள்.

சின்ன விமானம். தில்லை சன்னல் பக்கம், நான் மூன்று வரிசை பின்னால். கீழே ஒரு மரமும் இல்லாத மலைகள் போய்க்கொண்டிருந்தன.

த்ரொம்சோவில் இறங்கினோம். அவன் பேர்கனுக்கு, நான் ஒஸ்லோவுக்கு. அவனுடைய விமானம் முதலில். வாசலடிவரைக்கும் அவனுக்குப் பின்னால் நடந்தேன். அங்கே நின்று திரும்பினான்.

"பரா."

"ஓம்."

"நேற்று முழுக்க யோசிச்சனான். அண்டைக்கு நீ என்னட்ட, போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் நிண்டிருப்பன்ரா. பள்ளிக்கூடம் அடுத்த வருசமும் இருந்திருக்கும்."

ஆட்கள் வரிசையில் நகரத் தொடங்கினார்கள். அவன் அனுமதிச் சீட்டைக் கையில் எடுத்தான். மூன்று பேர் முன்னால், பிறகு இரண்டு பேர்.

"போகாதை" என்றேன். "அடுத்த பிளேனில போவன். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு."

தில்லை சீட்டைப் பார்த்தான். மணிக்கூட்டைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

"அடுத்தது எத்தினை மணிக்கு?" என்றான்.